சொல்வதற்கு முன்னாலா, சொன்ன பிறகா? எந்தக் காதல் அனிமேவை முதலில் பார்ப்பது

சித்தி மகள் வேலை மாறுகிறாள். பழைய ஆபீஸின் கடைசி நாளுக்கும் புது ஆபீஸின் முதல் நாளுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் சும்மா இருக்கப் போகிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தாள்: "அக்கா, ஒரே ஒரு அனிமே சொல்லு. லவ் ஸ்டோரியா இருக்கணும். நல்லா அழணும். ஆனா ஏமாத்தி அழ வைக்கக் கூடாது."

முதல் இரண்டுக்கும் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பேன். அந்த மூன்றாவது நிபந்தனைதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

இந்தக் கேள்வியை அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கும் யாரிடம் கேட்டாலும் சுற்றிச் சுற்றி நாலு பெயர்தான் வரும். யுவர் லை இன் ஏப்ரல், டோராடோரா, கிளானட், வயலெட் எவர்கார்டன். நாலும் அழ வைக்கும். அதனால் "எது ரொம்ப அழ வைக்கும்" என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் பிரயோஜனமில்லை. நான் வேறொரு அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்: காதலைச் சொல்லும் அந்த நிமிஷத்தைக் கதை எங்கே வைத்திருக்கிறது?

இது ஏன் முக்கியம் என்றால், ஜப்பானியப் பள்ளிக்கூடக் காதல் கதைகளில் சொல்வது என்பது ஒரு சடங்கு மாதிரி. கொகுஹாகு என்று அதற்குப் பெயரே உண்டு. மொட்டை மாடிக்கோ கட்டடத்தின் பின்பக்கமோ தனியாகக் கூப்பிட்டு, "உன்னைப் பிடிச்சிருக்கு, என்னோட பழகுவியா?" என்று நேருக்கு நேர் கேட்க வேண்டும். சரி என்றால் அன்று முதல் ஜோடி. கேட்காதவரை, எத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிட்டாலும், ஒரே குடையில் எத்தனை தெரு நடந்தாலும், ஒன்றுமில்லை. இருபது எபிசோட் ஓடியும் இரண்டு பேர் வாயைத் திறக்கவில்லையே என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் எரிச்சலாவது இது தெரியாததால்தான். அந்த வாசலைத் தாண்டப் பயந்துதான் அத்தனை எபிசோடும் ஓடுகிறது.

முடிவுகள் எதையும் இங்கே சொல்லவில்லை. ஆனால் சில காட்சிகளைத் தொடாமல் ஒப்பிட முடியாது. ஒரு துளியும் தெரியக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு நேராக டோராடோராவுக்குப் போய்விடலாம். என் பதில் அதுதான்.

ஏப்ரலிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் கை நீட்டுவது அதை நோக்கித்தான் என்பதால். நவோஷி அரகாவாவின் மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, ஏ-1 பிக்சர்ஸ் ஸ்டுடியோ 22 எபிசோடாக எடுத்தது. இயக்கம் க்யோஹெய் இஷிகுரோ. 2014 அக்டோபரில் தொடங்கி 2015 மார்ச்சில் முடிந்தது. பதினாலு வயது கோசெய் அரிமா சின்ன வயதிலேயே பியானோ போட்டிகளை வாரிக் குவித்தவன். அம்மா இறந்த பிறகு, தான் வாசிக்கும் பியானோவின் ஒலி மட்டும் அவன் காதில் விழுவதில்லை. மற்ற எல்லாம் கேட்கும். வயலின்காரி கவோரி மியாசோனோ அவனைப் பிடித்து மறுபடி மேடையில் தள்ளுகிறாள். அவளுக்குப் பிடித்ததோ அவனுடைய நண்பன் வதாரியை. அப்படித்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. கோசெய்க்குக் குரல் கொடுத்தவர் நட்சுகி ஹனாயே. டீமன் ஸ்லேயர் அனிமேவில் நாயகன் தஞ்சிரோவாகக் கேட்ட அதே குரல்தான், இங்கே எவ்வளவு ஒடுங்கிப் போயிருக்கிறது பாருங்கள்.

நாலாவது எபிசோட். போட்டியின் இரண்டாம் சுற்றில் சான்-சான்ஸ் எழுதிய இன்ட்ரொடக்ஷன் அண்ட் ரோண்டோ காப்ரிச்சியோசோவை அவள் வாசிக்க வேண்டும், பக்கவாத்தியம் கோசெய். பாதியில் அவன் காதில் ஒலி அறுந்து போகிறது. கை நின்றுவிடுகிறது. பக்கவாத்தியம் நின்றாலும் அவள் பாட்டுக்கு வாசித்து முடித்திருக்கலாம். அவளும் வில்லை இறக்கிவிடுகிறாள். நடுவில் நிறுத்தினால் போட்டியில் இடமில்லை, அது அரங்கத்துக்கே தெரியும். திரும்பி அவனைப் பார்த்து "அகெய்ன்" என்கிறாள். இங்கிலீஷ் வார்த்தை, ஜப்பானிய வாயில். மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ஜெயிப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத ஒரு கச்சேரி அது. அப்படி ஒரு வாசிப்பை வேறு எந்த அனிமேவிலும் நான் பார்க்கவில்லை. இசையை ஒப்புக்குப் பின்னால் ஓட விடாமல், பீத்தோவனும் ஷோப்பானும் க்ரைஸ்லரும் கதாபாத்திரங்கள் பேச முடியாததைப் பேசும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் இதற்காகவே பார்க்கலாம்.

ஆனால் சித்தி மகளின் மூன்றாவது நிபந்தனை இங்கேதான் இடிக்கிறது. கதை எங்கே போகப் போகிறது என்று சீக்கிரமே ஒரு வாடை வந்துவிடும். அதன் பிறகு நாம் அழுவதில் எத்தனை பங்கு அந்தப் பெண்ணுக்காக, எத்தனை பங்கு அவளுக்கு வரப்போவதற்காக என்று பிரிக்க முடிவதில்லை. கவோரியை நாம் முக்கால்வாசி கோசெய்யின் கண்ணால்தான் பார்க்கிறோம். அவளுடைய சொந்தக் குரல் நமக்கு வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடுகிறது. அதுதான் அந்தக் கதையின் உத்தி, அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் அபாரமாக வேலை செய்கிறது என்பதையும் மறுக்கவில்லை. இன்னொரு உறுத்தலும் உண்டு. பிரம்பால் அடித்துப் பியானோ சொல்லிக்கொடுத்த அம்மாவைக் கதை கொஞ்சம் அவசரமாகவே மன்னித்துவிடுகிறது. பிள்ளையை அடித்து வளர்ப்பதைப் பாசம் என்று கேட்டே வளர்ந்த நமக்கு அது உறுத்தாமல் போகலாம். எனக்கு உறுத்தியது. இந்த சீரிஸில் என் மனசு நின்றது பக்கத்து வீட்டு ட்சுபாகியிடம். கூடவே வளர்ந்தவள், சாஃப்ட்பால் ஆடுகிறவள், இசை தெரியாதவள். தனக்குள் இருப்பதற்குப் பெயர் காதல் என்று மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறாள். அவளுக்கு நோயும் இல்லை, அவளைத் தூக்கிவிட வயலினும் இல்லை. அவள் அழும்போது கதை நம்மை ஏமாற்றவில்லை.

ஆக, ஏப்ரலில் சொல்லும் நிமிஷம் தாமதமாக வருகிறது. எவ்வளவு தாமதம் என்பதுதான் கதை.

டோராடோரா இதற்கு நேர் எதிர்த் தெரு. யுயுகோ தகெமியாவின் பத்துத் தொகுதி லைட் நாவல், அதாவது இளைஞர்களுக்கான படம் போட்ட குட்டி நாவல், தான் மூலம். ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டுடியோ, தத்சுயுகி நகாய் இயக்கம், மாரி ஒகாடா எழுத்து. 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை 25 எபிசோட். இதே நகாயும் ஒகாடாவும் 2011இல் அனோஹனா என்ற அனிமேவில் சேர்ந்து ஊரையே அழ வைத்தவர்கள்.

ர்யூஜி தகாசுவுக்கு அப்பாவின் ரவுடிக் கண். அவனைப் பார்த்தாலே வகுப்பு ஒதுங்கும். ஆள் உண்மையில் வீட்டைத் துடைத்து, சமைத்து, குச்சியில் துணி சுற்றி மூலை அழுக்கைச் சுரண்டும் ரகம். தைகா ஐசாகா கைக்கு அடக்கமான உயரம், தொட்டால் அடி. அவனுக்கு அவள் தோழி மினோரியைப் பிடிக்கும், அவளுக்கு அவன் நண்பன் கிதாமுராவை. தைகா காதல் கடிதத்தைத் தவறான பையில் போட்டுவிடுகிறாள். நடு ராத்திரி மர வாளோடு ர்யூஜி வீட்டுக்குள் புகுந்து திருப்பி எடுக்கப் பார்க்கிறாள். அந்தக் கவரைப் பற்றிய ஒரு விஷயத்தை நான் சொல்ல மாட்டேன். சண்டை பாதியிலேயே நிற்கிறது, ஏனென்றால் அவள் வயிறு சத்தம் போடுகிறது. அவன் வாளைப் பறிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து ஃப்ரைட் ரைஸ் கிளறுகிறான்.

முதல் எபிசோடிலேயே முழுக் கதையும் அந்தத் தட்டில் இருக்கிறது. பணக்கார அப்பா வாங்கிக் கொடுத்த பெரிய ஃப்ளாட்டில் தனியாக இருக்கிற பெண் அவள். அவளுடைய அடுக்களையில் கழுவாத பாத்திரம் பூசணம் பிடித்துக் கிடக்கும். அவளுக்கு முதலில் கிடைப்பது ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு தினமும். இருவரும் அவரவர் காதலுக்கு மற்றவர் உதவுவதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். மினோரிக்காக, கிதாமுராவுக்காக என்று சொல்லிக்கொண்டே ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். பார்க்கிற நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் வலியும்.

சுன்டெரே என்ற வகைப் பெண் பாத்திரம், அதாவது வாய் திட்டும் மனசு உருகும் ரகம், அனிமேயில் தேய்ந்து போன அச்சு. தைகாவுக்குக் குரல் கொடுத்த ரியே குகிமியா அந்த வகைக்கே பேர் போனவர். ஆனால் இங்கே அந்தக் கோபத்துக்கு முகவரி இருக்கிறது. கலைவிழாவுக்கு வருகிறேன் என்று சொன்ன அப்பாவை நம்பச் சொல்லி அவளைத் தள்ளியதே ர்யூஜிதான். அதன் பிறகு மேடையில் அவள் நிற்கும் நிலையைப் பார்த்தால், கதை யாரையும் நல்லவன் என்று தப்பவிடாது என்று புரியும். கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் வைக்க தைகா கொண்டு வந்த கண்ணாடி நட்சத்திரம் மினோரியின் பந்து பட்டுச் சிதறுகிறது. மினோரியும் ர்யூஜியும் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய பிறகும் விரிசல் தெரியும். கேமரா அதை மறைக்கவில்லை. மறு எபிசோடில் தைகா தெருவில் செருப்பில்லாமல் ஓடுவாள். அங்கே நீங்கள் அழுதால் அது முழுக்க உங்கள் அழுகை. யாரும் சாகவில்லை, யாருக்கும் நோயில்லை. ஒரு பெண்ணுக்குத் தன் மனசு புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறை உண்டு. முதல் ஏழெட்டு எபிசோட் சத்தம் அதிகம், நீச்சல் குளக் கலாட்டாவெல்லாம் வயதாகிவிட்டது. கடைசி இரண்டு எபிசோட் ரயில் பிடிக்கிற வேகத்தில் ஓடுகிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். இரண்டாவது எபிசோடின் முடிவில், அதுவரை "ஐசாகா" என்றவன் முதன்முறையாக "தைகா" என்கிறான். குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரால் கூப்பிடுவது அங்கே பெரிய படி. இங்கிலீஷ் சப்டைட்டில் இதைத் தவற விடுவது உண்டு, ஏனென்றால் அந்த மொழியில் அதற்கு இடமில்லை. தமிழ் காதுக்கு இது உடனே பிடிபடும். "நீங்க" ஒரு நாள் "நீ" ஆகும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியுமே. அதனால் டப் வேண்டாம், ஜப்பானியக் குரலோடு பாருங்கள். பெயரைக் காதால் பிடியுங்கள்.

கிளானட் நாலில் பெரியது, நீளத்திலும் உள்ளேயும். கீ நிறுவனம் 2004இல் வெளியிட்ட விஷுவல் நாவல் விளையாட்டுதான் மூலம். க்யோட்டோ அனிமேஷன், தத்சுயா இஷிஹாரா இயக்கம். முதல் சீசன் 2007 அக்டோபரில் தொடங்கியது. இரண்டாவதான ஆஃப்டர் ஸ்டோரி அடுத்த அக்டோபரில். விளையாட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பாதை, நாம் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். அனிமேவில் அத்தனை பாதையையும் ஒரே நூலில் கோக்கப் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் சீசன் கிளைக் கதைகளில் சுற்றும். முகத்தில் பாதி கண்ணாக இருக்கும் அந்தப் பழைய பாணி ஓவியமும் புதியவர்களுக்கு உறுத்தும். பத்தாவது எபிசோடில் விட்டுவிட்டேன் என்று சொன்ன மூன்று பேரை எனக்கே தெரியும்.

ஆனால் மற்ற கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. நாயகன் தொமொயா நாயகி நாகிசாவிடம் காதலைச் சொல்லிவிடுவது முதல் சீசனோடு முடிந்த சமாசாரம். அதன் பிறகு? படிப்பு முடிகிறது. தோள்பட்டையில் அடிபட்டு வலது கையை முழுதாகத் தூக்க முடியாதவன் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போய்த் தெருவிளக்கு மாட்டுகிறான். வீட்டுக்கு வந்து தூங்கி விழுகிறான். வாடகை, அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத வருஷங்கள், சின்ன வீட்டின் ராத்திரிகள். காதல் அனிமே இதையெல்லாம் காட்டுவது அரிது.

நாகிசாவின் அப்பா அகியோவும் அம்மா சானயேவும் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார்கள். சானயே புதுசு புதுசாகச் செய்யும் ரொட்டி வாயில் வைக்க முடியாது. அகியோ அதைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் வந்து நின்றிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் ஓடுவாள். அவர் அந்த ரொட்டியையே வாய் நிறைய அடைத்துக்கொண்டு "எனக்கு ரொம்பப் பிடிக்கும்!" என்று கத்தியபடி பின்னால் ஓடுவார். மறுபடி மறுபடி வரும் இந்தக் காமெடியை முதலில் சிரித்துக் கடந்துவிட்டேன். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் உறைத்தது. கொகுஹாகுவுக்காகப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருக்கும் இந்த வகைக் கதையில், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மனுஷர் அதை நடுத்தெருவில் கத்திக்கொண்டிருக்கிறார்.

ஆஃப்டர் ஸ்டோரியின் 18ஆவது எபிசோடைப் பற்றி ஒன்றே ஒன்று. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, அழுவதற்குத் தனக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டு என்று சொல்லும். ஒன்று கழிப்பறை. இன்னொன்றை அது சொல்லும்போது நான் போனைக் குப்புற வைத்துவிட்டேன். அது ஏமாற்று வேலையே இல்லை, நாற்பது எபிசோட் பொறுமையாகச் சேர்த்து வைத்த கணக்கு. முடிவைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மாயமும் நிஜமும் கலந்த அந்த முடிவு எனக்குப் பாதிதான் சம்மதம். அது வேறு பஞ்சாயத்து.

வயலெட் எவர்கார்டனைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018இல் க்யோட்டோ அனிமேஷன், தாயிச்சி இஷிதாதே இயக்கத்தில், 13 எபிசோட். நாலில் அழகு இதுதான், ஒவ்வொரு ஃப்ரேமும் மாட்டி வைக்கலாம். போரில் கைகளை இழந்து உலோகக் கை பொருத்திய பெண், பிறருக்காகக் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்கிறாள். போரில் அவளுடைய மேலதிகாரியாக இருந்த மேஜர் கடைசியாகத் தன்னிடம் சொன்ன "ஐஷிதேரு" (உன்னைக் காதலிக்கிறேன்) என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள. நாள்பட்ட தம்பதிகளே வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் கனமான சொல் அது. பள்ளிப் பிள்ளைகள் சொல்வதெல்லாம் "சுகி", அதாவது "பிடிச்சிருக்கு"தான். ஆக, இங்கே சொல்லியாகிவிட்டது, கேட்டவளுக்குப் புரியவில்லை. அருமையான முடிச்சு. ஆனால் மேஜர் வளர்ந்த ஆள், அவள் அவர் கையில் ஆயுதமாக ஒப்படைக்கப்பட்ட சிறுமி. அதைக் காதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. சீரிஸ் ஜொலிப்பது அவள் எழுதிக் கொடுக்கும் மற்றவர்களின் கடிதங்களில். நோயாளித் தாய் ஏழு நாள் உட்கார்ந்து கடிதம் சொல்ல, அந்த நேரத்தைத் தன்னிடமிருந்து பறிக்கிறாளே என்று ஏழு வயது மகள் வயலெட்டின் மேல் பாயும் பத்தாவது எபிசோட் ஒன்றே போதும். காதல் கதை வேண்டும் என்று கேட்டவளுக்கு இதைக் கொடுத்தால், நல்ல பண்டத்தைத் தப்பான பந்தியில் பரிமாறின மாதிரி.

நேரக் கணக்கும் பார்த்தேன். வயலெட் ஐந்து மணி நேரம், ஏப்ரல் எட்டரை, டோராடோரா பத்துக்குள். கிளானட் இரண்டு சீசனும் சேர்த்துப் பதினேழு மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டு நாளில் எதையும் முடிக்கலாம், ஆனால் கிளானட்டை அவசரமாகப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்று. அது வேலைக்குப் போய்க்கொண்டே, களைத்து வந்து, தினம் ஒன்றாகப் பார்க்க வேண்டியது. புது ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாசம் கழித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் தொமொயா தூங்கி விழுவது அவளுக்குப் புரியும். பார்க்கும்போது ஒரு விஷயம்: இரண்டு சீசனிலும் கதை 22ஆவது எபிசோடோடு முடிந்துவிடுகிறது. 23ஆவது உபரிக் கதை, ஆஃப்டர் ஸ்டோரியின் 24 வெறும் தொகுப்பு. தொமொயோ, க்யோ என்ற மற்றப் பெண்களின் பெயரில் தனியாக இருக்கும் எபிசோடுகள் வேறு பாதையின் கதைகள். அவற்றை நடுவில் செருகினால் குழம்பிவிடுவீர்கள்.

காதல் முறிந்து ஆறாதவர்கள், வீட்டில் சமீபத்தில் சாவு கண்டவர்கள் ஏப்ரலைத் தள்ளிப் போடுங்கள். சங்கீதம் படித்தவர்களுக்கு மட்டும் என் வரிசையை மாற்றிக்கொள்வேன், அவர்கள் ஏப்ரலிலேயே தொடங்கலாம்.

"டோராடோரா பாரு" என்று அனுப்பினேன். "2008ஆ? அவ்ளோ பழசா?" என்று மூஞ்சியைச் சுளிக்கிற பொம்மை வந்தது. முதல் எபிசோட் மட்டும் பார், பிடிக்காவிட்டால் ஏப்ரல் என்றேன். ராத்திரி பன்னிரண்டே காலுக்குப் போன் மினுங்கியது.

"அக்கா!! அந்தக் கவர்!!"

பதில் போடுவதற்குள் இன்னொன்று வந்தது. "வீட்ல பழைய சோறு இருக்கு. ஃப்ரைட் ரைஸுக்குப் பூண்டு எவ்ளோ போடணும்?"